காவலுக்கு ஆகும் செலவு: அனலாக் காமிராவா, நெட்வொர்க் காமிராவா?

கூட்டுறவுச் சங்கத்தின் பெட்டியிலிருந்து வெளியே செல்லும் ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஓர் அங்கத்தினரின் தறியிலிருந்தோ வயலிலிருந்தோ வந்த ரூபாயாகும். நெசவாளிக்குச் சேர வேண்டிய கூலியும் விவசாயிக்குச் சேர வேண்டிய விலையும் அதில் அடங்கியிருக்கின்றன. ஆதலால் பெருஞ்செலவாயினும் சிறுசெலவாயினும் அதைக் கணக்குப் பார்த்துச் செய்வதே நம் இயக்கத்தின் முதல் ஒழுக்கம். இந்த ஒழுக்கத்தை அண்மைக் காலத்தில் சோதித்து வரும் செலவு ஒன்றைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறோம். அது கண்காணிப்புக் காமிராச் செலவு.

நூல் கிடங்கும், ஜரிகை வைக்கும் அறையும், உரக் கிடங்கும், விற்பனை நிலையமும் உள்ள சங்கங்கள் பல இன்று காமிரா வைத்திருக்கின்றன. வைக்காதவை வைக்க நினைக்கின்றன. விலைப்புள்ளி கேட்டால் இரண்டு விதமாக வருகிறது. ஒன்று அனலாக் முறை, மற்றொன்று ஐ.பி. என்று கடைக்காரர் சொல்லும் நெட்வொர்க் முறை. முன்னதைவிடப் பின்னது ஏறக்குறைய ஒன்றரை மடங்காக இருக்கிறது. நிர்வாகக் குழுவினர் திகைக்கிறார்கள். சிலர் "குறைந்த விலையே சிக்கனம்" என்று முடிவு செய்கிறார்கள். சிலர் "புதியதே சிறந்தது" என்று கையெழுத்திடுகிறார்கள். இவ்விரண்டும் கணக்கின்மேல் எழுந்த முடிவுகள் அல்ல. கணக்கு எப்படிப் போட வேண்டும் என்பதையே இக்கட்டுரையில் காட்ட முயல்கிறோம்.

திருவான்மியூர் தந்த பாடம்

சென்னையில் 2017-ஆம் ஆண்டு முதற்கொண்டு, அப்போதைய காவல் ஆணையர் திரு. ஏ.கே. விசுவநாதன் காலத்தில், 'மூன்றாவது கண்' என்னும் திட்டம் நடந்தது. ஐம்பது மீட்டருக்கு ஒரு காமிரா என்பது அதன் குறிக்கோள். காவல்துறை தன் பணத்தை மட்டும் நம்பவில்லை. குடியிருப்போர் சங்கங்களும் கடைக்காரர்களும் தத்தம் வாசலில் காமிரா வைக்க முன்வந்தனர். தெருவில் உள்ளோர் ஒன்றுகூடிப் பொதுக்காவல் ஏற்படுத்திக்கொண்ட இச்செயலைக் கூட்டுறவு என்றே நாம் கருதுகிறோம்.

அத்திட்டத்திற்குப் பின்னர், 2022 ஜனவரி 3-ஆம் நாள், திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தின் டிக்கெட் அறையில் ரூ.1.32 இலட்சம் கொள்ளை போயிற்று என்று புகார் எழுந்தது. துப்பாக்கி காட்டித் தம்மைக் கட்டிப்போட்டதாக அங்கிருந்த ஊழியர் சொன்னார். நிலையத்தில் காமிரா இல்லை என்பது அன்றைய செய்திகளில் பெரிதும் பேசப்பட்டது. ரயில்வே போலீசார் சுற்றுப்புறத் தெருக்களில் இருந்த காமிராக்களின் பதிவுகளைப் பார்த்தனர். மறுநாளே அந்த ஊழியரையும் அவர் மனைவியையும் கைது செய்து, கொள்ளை நாடகம் என்று அறிவித்தனர்.

இந்நிகழ்ச்சியிலிருந்து கூட்டுறவாளர் அறிய வேண்டியவை இரண்டு. பணம் இருக்கும் இடத்தில் காமிரா இல்லாமல் தெருவெல்லாம் இருப்பது முறையான காவல் ஆகாது என்பது ஒன்று. நஷ்டம் எப்போதும் வெளியிலிருந்தே வரும் என்று எண்ணலாகாது என்பது மற்றொன்று. இருப்பைச் சரிபார்க்காத சங்கத்திற்கு எத்தனை காமிரா வைத்தாலும் காவல் இல்லை. காமிரா கணக்குப் புத்தகத்திற்குத் துணையாகலாம், அதற்கு மாற்றாகாது.

இரு முறைகளும் வேறுபடும் விதம்

அனலாக் முறையில், காமிரா பிடிக்கும் காட்சி மின் அலையாகவே கேபிள் வழியே ஓடி, டி.வி.ஆர். என்னும் பதிவுப் பெட்டியை அடைகிறது. அங்கேதான் அது எண்ணுருவாக மாறி, ஹார்டு டிஸ்கில் தங்குகிறது. ஒவ்வொரு காமிராவுக்கும் பெட்டியிலிருந்து தனிக் கேபிள் போக வேண்டும். கடைகளில் '3+1' என்று விற்கும் கேபிளில் படத்திற்கு ஓர் இழையும் மின்சாரம் முதலியவற்றுக்கு மூன்று இழைகளும் சேர்ந்திருக்கின்றன.

நெட்வொர்க் முறையில் காமிராவே ஒரு சிறு கணிப்பொறி. அது படத்தை அங்கேயே சுருக்கி, கணிப்பொறிகள் பேசும் மொழியில் அனுப்புகிறது. சுவீடன் நாட்டின் ஆக்சிஸ் நிறுவனம் இவ்வகைக் காமிராவை முதன்முதலாக 1996-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'கேட்-6' வயர் ஒன்றே படத்தையும் மின்சாரத்தையும் சுமந்து செல்லும், இதற்குப் பி.ஓ.இ. சுவிட்ச் என்னும் கருவி வேண்டும். ஆனால் ஒரு வயர் 100 மீட்டருக்கு மேல் நீளலாகாது. பல காமிராக்கள் ஒரு சுவிட்சில் சேர்ந்து, அங்கிருந்து ஒரே வயரில் பதிவுப் பெட்டிக்கு வரலாம். முறுக்கேற்றிய பல இழைகள் ஒரே நூலாக வருவது போன்றது இது என்றால் நெசவாளர்களுக்கு விளங்கும்.

"அனலாக் என்றால் மங்கலான படம்" என்று விற்பனையாளர் சிலர் இன்றும் சொல்கின்றனர். பழைய அனலாக்கிற்கு அது பொருந்தும். 2012-ஆம் ஆண்டிற்குப் பின்னர் வந்த உயர்தர அனலாக் முறைகள், அதே கேபிளில் 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட படத்தைத் தருகின்றன. சாதாரண நெட்வொர்க் காமிராவும் அதே அளவு படத்தைத்தான் தருகிறது. ஆகவே இரண்டு மெகாபிக்சல் என்ற அளவில், படத்தெளிவுக்காக மட்டும் அதிக விலை கொடுக்கக் காரணம் இல்லை.

முகம் அடையாளம் தெரிவது காமிராவின் முறையைவிட அது பார்க்கும் அகலத்தைப் பொறுத்தது. சர்வதேசத் தர விதியின்படி, முன்பின் தெரியாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண, காட்சியின் ஒரு மீட்டர் அகலத்திற்கு 250 புள்ளிகள் வேண்டும். 1920-ஐ 250-ஆல் வகுத்தால் ஏழரை மீட்டருக்குச் சற்று அதிகமாக வருகிறது. அதற்குமேல் அகலமான இடத்தை ஒரே காமிராவில் அடக்கினால், ஆள் வந்தது தெரியும். ஆள் யார் என்பது தெரியாது. முற்றம் முழுவதையும் பார்க்கும் விலையுயர்ந்த காமிராவைவிட, வாசற்படியை மட்டும் பார்க்கும் எளிய காமிரா திருடனை நன்றாகக் காட்டும்.

ஒரே கட்டடத்தில் எட்டுக் காமிரா

திருவான்மியூர்க் கடற்கரையை ஒட்டி ஒரு நெசவாளர் சங்கம் விற்பனை நிலையமும் பின்னால் ஒரு நூல் கிடங்கும் ஒரே கட்டடத்தில் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். 1936-இல் ருக்மிணி தேவி நிறுவிய கலாக்ஷேத்திரத்தின் தறிகள் இயங்கும் ஊர் அது. நல்ல சேலைக்கு வாங்குவோரும் உண்டு, அதைக் காக்க வேண்டிய தேவையும் உண்டு. எட்டுக் காமிரா, சராசரி 30 மீட்டர் கேபிள். கீழே வரும் விலைகள் கணக்கு முறை விளங்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை; விலைப்புள்ளி அல்ல. தத்தம் ஊரில் கிடைக்கும் விலையை அந்தந்த இடத்தில் இட்டுக்கொள்க.

அனலாக் முறை: காமிரா 8, ஒன்று ரூ.1,500 வீதம் ரூ.12,000. டி.வி.ஆர். ரூ.4,500. மின்வழங்கி ரூ.1,000. 90 மீட்டர்ச் சுருள் 3, ரூ.4,500. இணைப்பிகளும் பெட்டிகளும் ரூ.1,500. நான்கு டெராபைட் ஹார்டு டிஸ்க் ரூ.9,500. பொருத்துக்கூலி ரூ.4,000. ஆக ரூ.37,000. சரக்கு-சேவை வரி 18 விழுக்காடு சேர்த்து ரூ.43,660.

நெட்வொர்க் முறை: காமிரா 8, ஒன்று ரூ.3,000 வீதம் ரூ.24,000. என்.வி.ஆர். என்னும் பதிவுப் பெட்டி ரூ.6,000. பி.ஓ.இ. சுவிட்ச் ரூ.5,000. 305 மீட்டர் கேட்-6 வயர் ஒரு பெட்டி ரூ.7,500. இணைப்பிகளும் பெட்டிகளும் ரூ.1,500. ஹார்டு டிஸ்க் ரூ.9,500. பொருத்துக்கூலி ரூ.4,000. ஆக ரூ.57,500. வரி சேர்த்து ரூ.67,850.

பெரும்பாலான நிர்வாகக் குழுக்கள் இந்த இடத்தோடு கணக்கை நிறுத்திவிடுகின்றன. உண்மையில் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. காமிரா ஒரு நாளில் வாங்கி முடிக்கும் பொருள் அன்று. இரவும் பகலும் ஓயாமல் மின்சாரம் உண்ணும் பொருள். அனலாக் அமைப்பு முழுவதும் 60 வாட் என்று கொண்டால், நாளொன்றுக்கு 1.44 யூனிட், ஐந்து ஆண்டில் 2,628 யூனிட். நெட்வொர்க் அமைப்பு 80 வாட் என்றால், நாளொன்றுக்கு 1.92 யூனிட், ஐந்து ஆண்டில் 3,504 யூனிட். யூனிட் ஒன்றுக்கு ரூ.9 என்று கொண்டால், முன்னதற்கு ரூ.23,652, பின்னதற்கு ரூ.31,536.

இதனோடு, ஐந்து ஆண்டில் ஒரு முறை ஹார்டு டிஸ்க் மாற்ற வரியுடன் ரூ.11,210 சேர்க்க வேண்டும். கடற்காற்றில் இரண்டு காமிராவாவது பழுதாகும் என்று வைத்து, அனலாக்கிற்கு ரூ.3,540, நெட்வொர்க்கிற்கு ரூ.7,080 சேர்க்க வேண்டும். காலாண்டுக்கு ஒரு முறை துடைத்துச் சரிபார்க்க வரும் பணியாளருக்கு ஐந்து ஆண்டில் ரூ.10,000 ஆகும். கூட்டிப் பார்த்தால் அனலாக் முறைக்கு ரூ.92,062, நெட்வொர்க் முறைக்கு ரூ.1,27,676.

இரண்டு உண்மைகள் இதில் வெளிப்படுகின்றன. முதலாவது, வாங்கும் விலை அனலாக் முறையின் மொத்தச் செலவில் பாதிகூட இல்லை. ரூ.43,660 என்று தீர்மானத்தில் எழுதி ஒப்புதல் பெறும் குழு, அங்கத்தினர்களுக்குச் செலவில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறது. இரண்டாவது, ஒரே கட்டடத்தில் எட்டுக் காமிரா என்ற அளவில், நெட்வொர்க் முறைக்கு மாதம் ஏறக்குறைய ரூ.594 அதிகமாகிறது. அந்த அதிகத்திற்கு ஈடாக அந்தச் சங்கத்திற்குக் கிடைப்பது மிகக் குறைவு. ஒரே கட்டடச் சங்கத்திற்கு அனலாக் முறையே ஏற்றது என்பது நம் கருத்து.

ஏற்கெனவே பழைய அனலாக் காமிரா வைத்திருக்கும் சங்கங்களுக்கு இன்னும் ஒன்று சொல்வோம். சுவரில் ஓடும் கேபிள் நல்ல நிலையில் இருந்தால் அதைப் பிடுங்கி எறிய வேண்டாம். காமிராவையும் பதிவுப் பெட்டியையும் மட்டும் மாற்றி, அதே கேபிளில் உயர்தரப் படத்தைப் பெறலாம்.

இரண்டு கட்டடமானால்

இனி வேறொரு நிலையைப் பார்ப்போம். விற்பனை நிலையம் சாலையில் இருக்க, கிடங்கு 200 மீட்டர் தள்ளி இருக்கிறது. விளைபொருள் வாங்கும் சங்கங்களில் அலுவலகமும் எடைமேடையும் இப்படித்தான் விலகி இருக்கும். அங்கே நான்கு காமிரா வேண்டும் என்றால், அனலாக் முறையில் நான்கு தனிக் கேபிள்கள், 800 மீட்டர், ஒன்பது சுருள், ரூ.13,500. நெட்வொர்க் முறையில் ஒரே கண்ணாடி இழைக் கேபிளும் அதன் இரு முனைக் கருவிகளும் ஒரு சிறு சுவிட்சும் சேர்ந்து சுமார் ரூ.8,000; நான்கு காமிராவின் விலை அதிகம் ரூ.6,000, ஆக ரூ.14,000. இரண்டும் ஏறத்தாழச் சமம்.

அங்கே எட்டுக் காமிரா வேண்டும் என்றால் தராசு மறுபக்கம் சாய்கிறது. அனலாக் கேபிளுக்கு மட்டும் பதினெட்டுச் சுருள், ரூ.27,000. நெட்வொர்க் முறையில் பெரிய சுவிட்சோடு ரூ.10,000, காமிரா விலை அதிகம் ரூ.12,000, ஆக ரூ.22,000. கிளை ஒன்று வேறு ஊரில் இருந்து, அதன் பதிவையும் தலைமை அலுவலகத்தில் பார்க்க வேண்டும் என்றாலும் நெட்வொர்க் முறையே இலகு.

கிடங்கிலேயே இரண்டாவது டி.வி.ஆர். ஒன்றை வைத்துக் கேபிள் செலவைக் குறைக்கலாமே என்று சிலர் கேட்பர். குறைக்கலாம். ஆனால் ஆளில்லாத கிடங்கில் பதிவுப் பெட்டியை வைத்தால், புகுந்தவன் மூட்டையோடு பெட்டியையும் தூக்கிச் செல்வான். பதிவுப் பெட்டி பூட்டிய அறையில், காவல் உள்ள கட்டடத்தில் இருக்க வேண்டும்.

எனவே தூரமும் எண்ணிக்கையுமே இக்கேள்விக்கு விடை கூறுகின்றன. புதுமை மோகமும் மலிவு மோகமும் விடை கூற இடங்கொடுக்கலாகாது.

கடற்காற்றும் மழையும்

திருவான்மியூர் முதல் கடலோரம் நெடுகவுள்ள சங்கங்கள் விலைப்பட்டியலில் காணாத ஒரு செலவைச் சுமக்கின்றன. உப்புக் காற்று இணைப்பிகளின் உலோகத்தை அரிக்கிறது. அனலாக் காமிராவுக்குப் படத்திற்கு ஒன்று, மின்சாரத்திற்கு ஒன்று என இரண்டு இணைப்புகள். நெட்வொர்க் காமிராவுக்கு ஒன்றே. எந்த முறையாயினும் இணைப்பு வெளியே தொங்கலாகாது. நீர் புகாப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். வெளிக் காமிராவுக்கு 'ஐ.பி.66' என்னும் தூசி-நீர் தடுப்புக் குறியீடு உண்டா என்று கேட்டு வாங்க வேண்டும். இந்த 'ஐ.பி.' வேறு, நெட்வொர்க் முறையைக் குறிக்கும் 'ஐ.பி.' வேறு, விற்பனைப் பேச்சில் இவை குழம்புவதுண்டு. கண்ணாடியில் உப்பும் சிலந்தி வலையும் படிந்தால் இரவுப் படம் வெண்புகையாகிவிடும். மாதம் ஒரு முறை மென்துணியால் துடைப்பது செலவில்லாத பராமரிப்பு.

வடகிழக்குப் பருவமழையில் இடியால் வரும் மின்பாய்ச்சல் நீண்ட செப்புக் கேபிள் வழியே பதிவுப் பெட்டியைக் கெடுக்கும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. கட்டடங்களுக்கிடையே அதை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தென்சென்னையில் பல இடங்களில் நீர் புகுந்ததும் மின்சாரம் நின்றதும் நினைவிருக்கும். பதிவுப் பெட்டியைத் தரையில் வைக்காமல் ஆள் உயரத்தில் வைக்க வேண்டும். கடையில் சேர்த்துத் தரும் சிறு யு.பி.எஸ்.ஸின் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பாட்டரியில் 84 வாட்-மணிதான் இருக்கிறது. 60 வாட் அமைப்பு அதில் ஒரு மணி நேரத்திற்கு மேல் ஓடாது. அலுவலகத்தில் 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பாட்டரி இருந்தால், அதனோடு காமிராவையும் இணைத்தால் ஓர் இரவைத் தாராளமாகக் கடக்கலாம்.

எத்தனை நாள் பதிவு?

பதிவை எத்தனை நாள் வைப்பது என்பதே ஹார்டு டிஸ்க் செலவை நிர்ணயிக்கிறது. எச்.265 என்னும் புதிய சுருக்கு முறையில் ஒரு காமிரா நொடிக்கு 2 மெகாபிட் எழுதினால், நாளொன்றுக்கு 21.6 ஜிகாபைட் ஆகும். எட்டுக் காமிராவுக்கு 172.8 ஜிகாபைட். நான்கு டெராபைட் டிஸ்க் 23 நாளில் நிறையும். பின் பழைய பதிவின்மேல் புதியது எழுதப்படும். பழைய எச்.264 முறையில் 4 மெகாபிட் எழுதினால், அதே டிஸ்க் பதினோரு நாளுக்கே போதும். வாங்கும்போது "சுருக்கு முறை எது?" என்ற ஒரே கேள்வி இன்னொரு டிஸ்கின் விலையை மிச்சப்படுத்தும்.

காவல் நிலையங்களில் காமிராப் பதிவைப் பதினெட்டு மாதம் வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. மனித உரிமை சம்பந்தப்பட்ட இடத்திற்கு அது தகும். நம் எட்டுக் காமிராவுக்கு அவ்வாறு வைக்கப் புகுந்தால், 93 டெராபைட் வேண்டும். நமக்கு அது அநாவசியம். சங்கத்திற்கு வேண்டியது, ஓர் இருப்புச் சோதனைக்கும் அடுத்த இருப்புச் சோதனைக்கும் இடைப்பட்ட நாள்களின் பதிவே. மாதந்தோறும் இருப்புப் பார்த்தால் 35 நாள் போதும். ஆண்டுக்கொரு முறை இருப்புப் பார்க்கும் சங்கத்திற்கோ எவ்வளவு பெரிய டிஸ்க்கும் போதாது. ஒழுங்கான இருப்புச் சோதனை காமிராச் செலவையும் குறைக்கும் என்பதை இதனால் அறியலாம்.

திறந்து கிடக்கும் கதவு

நெட்வொர்க் முறையைப் பற்றி ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். 2016 அக்டோபரில், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் இணையத்தில் விடப்பட்ட ஆயிரக்கணக்கான காமிராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் 'மிராய்' என்னும் தீநிரல் கைப்பற்றி, அமெரிக்காவில் பெரிய இணைய தளங்கள் பலவற்றை முடக்கியது. 2025 பிப்ரவரியில், குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மருத்துவமனையின் காமிராப் பதிவுகள் கசிந்து இணையத்தில் விற்கப்பட்டது தெரியவந்தது. காவலுக்கு வைத்த கண் பிறர் வீட்டுக் கண்ணாயிற்று.

அனலாக் முறைக்கு இவ்வாபத்து இல்லை என்று எண்ண வேண்டாம். கைபேசியில் பார்ப்பதற்காக டி.வி.ஆரை இணையத்தில் இணைத்த கணமே அதுவும் அதே கதவைத் திறந்துவிடுகிறது. இணைக்காமல் வைப்பதே மலிவான பாதுகாப்பு. இணைக்க வேண்டுமானால் கடவுச்சொல்லை அன்றே மாற்ற வேண்டும். பொருத்த வந்தவரிடம் அதை விட்டுவைக்கலாகாது.

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் காமிராக்களுக்கான பாதுகாப்பு விதிகளை வெளியிட்டது. 2025 ஏப்ரல் 9 முதல் அவை கட்டாயமாயின. ஆய்வகச் சோதனையில் தேறிய மாதிரிகளையே சந்தைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவற்றின் சாரம். மிக மலிவாக ஒரு காமிரா வந்தால், அது சான்று பெறாத பழைய சரக்காக இருக்கலாம். சான்றெண்ணைப் பில்லில் எழுதித் தரும்படி கேட்பது அங்கத்தினர் பணத்தைக் காக்கும் வழி.

நீதிமன்றத்தில் பதிவு செல்லுபடியாவதற்கும் விதி உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவோடு உரிய சான்றிதழும், பதிவு மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் 'ஹாஷ்' எண்ணும் தர வேண்டும். பதிவைப் பிரதியெடுக்கத் தெரிந்த ஒருவர் சங்கத்தில் இல்லையேல், ஒரு இலட்சம் செலவிட்டதும் வீணே. பெட்டியின் கடிகாரம் பத்து நிமிடம் தவறினாலும் எதிர்தரப்பு வக்கீலுக்கு அது போதும்.

எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கலாகாது

செலவைப் பேசிய நாம் செலவின் நோக்கத்தையும் பேச வேண்டும். காமிரா பொருளைக் காப்பதற்கு. ஆளை அடக்குவதற்கு அன்று. தறிக்கு நேரே காமிரா மாட்டி, நெசவாளி எத்தனை முறை எழுந்தார் என்று எண்ணுவது தனி முதலாளியின் பழக்கம். தறியின் உடைமையாளரே சங்கத்தின் உடைமையாளர். அவரை அவர் பணத்தாலேயே உளவு பார்ப்பது கூட்டுறவுக்கு இழுக்கு.

நூல் வழங்கும் மேசை, ஜரிகை எடுக்கும் அலமாரி, பணப்பெட்டி, கிடங்கு வாசல் ஆகியவையே காமிரா பார்க்க வேண்டிய இடங்கள். இவற்றினும் முக்கியமானது எடைமேடை. எடை எண் தெரியும்படி ஒரு காமிரா அங்கே இருந்தால், விவசாயி கொண்டுவந்த மூட்டையின் எடையைப் பற்றிப் பின்னால் எழும் வழக்கு பெரும்பாலும் ஓய்ந்துவிடும். அந்தக் காமிரா விவசாயியைப் பார்ப்பது போலவே, எடை போடும் ஊழியரையும் மேனேஜரையும் பார்க்கிறது. எளியவரை மட்டும் பார்க்கும் காமிராவால் சங்கத்தில் அவநம்பிக்கை வளரும். இரு தரப்பையும் ஒருசேரப் பார்க்கும் காமிரா நம்பிக்கையை வளர்க்கும். நமக்கு வேண்டியது பின்னது.

நம் யோசனைகள்

காமிரா வாங்கும் தீர்மானத்தோடு ஐந்தாண்டுச் செலவுக் கணக்கையும் மகாசபைக் கூட்டத்தில் வைக்க வேண்டும். ஒரே கட்டடமும் எட்டுக் காமிராவும் உள்ள சங்கம் அனலாக் முறையைக் கொள்க. தூரத்துக் கட்டடத்தில் நான்குக்கு மேல் காமிரா வேண்டுவோரும் கிளை உள்ளோரும் நெட்வொர்க் முறையைக் கொள்க. கடவுச்சொல் காரியதரிசியிடமும் தலைவரிடமும் முத்திரையிட்ட உறைகளில் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை, ஊழியர் அல்லாத இரண்டு அங்கத்தினர்கள் முன்னிலையில் பழைய பதிவு ஒன்றை ஓட்டிப் பார்த்து, கடிகாரத்தைச் சரிபார்த்து, பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். காமிராக்கள் இருக்கும் இடங்களை எல்லோரும் அறிய அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

ஒரு வட்டாரத்திலுள்ள பத்துச் சங்கங்கள் சேர்ந்து ஒரே விலைப்புள்ளி கேட்டால், விலை குறைவதோடு பராமரிப்புக்கு ஒரே ஆளையும் அமர்த்தலாம். 1904-இல் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் கண்ட முன்னோரும், 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் கண்ட முன்னோரும் தனித்தனியே வாங்கி நஷ்டப்படாமல் சேர்ந்து வாங்கவும் சேர்ந்து விற்கவும்தான் நமக்கு வழி காட்டினர். அரிசிக்கும் நூலுக்கும் பொருந்திய அவ்வழி காமிராவுக்கும் பொருந்தும்.

காவலுக்குச் செலவிடுங்கள், ஆனால் கணக்குப் பார்த்துச் செலவிடுங்கள். அடுத்த மகாசபையில் விலைப்புள்ளி வாசிக்கப்படும்போது, "இதற்கு ஐந்து ஆண்டில் எவ்வளவு ஆகும்?" என்று ஒரே ஓர் அங்கத்தினர் எழுந்து கேட்டாலும் போதும். அந்தக் கேள்வி காமிராவுக்குமுன் வைக்க வேண்டிய காவல்.